மரபணுப் பொறியியல்: ஆய்வுக்கூடத்திலிருந்து கத்திரித் தோட்டம் வரை

(கொல்கத்தா நியூ டவுனில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கொல்கத்தாவின் கிழக்கே இன்று நியூ டவுன் என வழங்கும் நகரம், கால் நூற்றாண்டுக்கு முன் ராஜர்ஹாட் வட்டாரத்தின் நெல் வயல்களாகவும் மீன் குளங்களாகவும் காய்கறித் தோட்டங்களாகவும் இருந்தது. 1999-ஆம் ஆண்டில் இதற்கெனவே ஒரு மாநில அரசுக் கழகம் நிறுவப்பட்டு, நகர் படிப்படியாக எழும்பியது. அகன்ற சாலைகளும் கணினி நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் பெரியதொரு புற்றுநோய் மருத்துவமனையும் இன்று இங்கு உள்ளன. ஆயினும், நகரின் எல்லையைக் கடந்து தென்கிழக்கே சிறிது தொலைவு சென்றால் பாங்கர் வட்டாரத்தின் காய்கறி நிலங்கள் தொடங்கிவிடுகின்றன. கொல்கத்தாவின் சந்தைகளுக்குக் காய்கறி அனுப்பும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. அங்கு விளையும் காய்களுள் கத்திரி முக்கியமானது. வங்காளிகள் அதனைப் 'பேகுன்' என்பர். வட்டமாக அரிந்து மஞ்சள் தடவிப் பொரித்தால் அவர்கள் இலையில் முதலில் இடம் பெறுவதும் அதுவே.

மரபணுப் பொறியியல் என்னும் புதிய அறிவியல் துறையை விளக்குவதற்கு இந்தக் கத்திரிக்காயைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. அத்துறையின் நுட்பம் முழுவதும் அதனுள் அடங்கியிருக்கிறது. அதைச் சூழ்ந்த வழக்கும் அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. ஒரே வகை நுட்பம் மருந்துப் புட்டியில் வந்தபோது மறுப்பேதுமின்றி ஏற்கப்பட்டது. பருத்தி வயலில் வந்தபோது பாதி வரவேற்பும் பாதி ஐயமும் பெற்றது. சமையலறைக்கு வர முயன்றபோது நிறுத்தி வைக்கப்பட்டது. இந்த வேறுபாட்டிற்கான காரணத்தை மரபணுவில் தேடினால் கிடைக்காது. விதையை வைத்திருப்பவர் யார், உண்பவர் யார், சோதித்துச் சான்று அளித்தவர் யார் என்ற மூன்று வினாக்களில்தான் அது உள்ளது.

மரபணு என்பது யாது?

உயிரினங்கள் அனைத்தின் உயிரணுக்களிலும் டி.என்.ஏ. எனப்படும் மிக நீண்ட இழை ஒன்று உண்டு. முறுக்கிய ஏணியைப் போன்ற அதன் அமைப்பினை வாட்சனும் கிரிக்கும் 1953-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கு வேதிப்பொருள்கள் அவ்வேணியின் படிகளில் வரிசையாக அமைந்துள்ளன. இவற்றை நான்கு எழுத்துகள் எனக் கொள்ளலாம். மூன்று மூன்று எழுத்துகளாகச் சேர்த்துப் படிக்கும்போது ஏறத்தாழ ஒவ்வொரு மூன்றும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கிறது. அமினோ அமிலங்கள் கோவையாகச் சேர்ந்தால் புரதம். ஒரு புரதத்தை ஆக்குவதற்கான குறிப்பு எழுதப்பட்டுள்ள இழைப்பகுதியே பொதுவாக மரபணு எனப்படுகிறது. நான்கு எழுத்துகளால் அமையக்கூடிய 64 மும்மைகளும் எவற்றைக் குறிக்கின்றன எனக் கண்டறிந்த முயற்சியில், பஞ்சாபின் சிற்றூர் ஒன்றில் பிறந்த ஹர் கோவிந்த் குரானாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1968-ஆம் ஆண்டின் நோபல் பரிசை அவர் வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார். பின்னர் ஒரு முழு மரபணுவையே ஆய்வுக்கூடத்தில் வேதிமுறையில் ஆக்கியும் காட்டினார்.

இதில் வியப்பிற்குரியது, இந்த எழுத்துமுறை ஏறத்தாழ எல்லா உயிர்களுக்கும் பொதுவாக இருப்பதேயாகும். அரசு அலுவலர்களுக்குப் பழகிய உவமை ஒன்று கூறலாம். ஒரு மாவட்டத்தில் எழுதிப் பதிந்த பத்திரத்தை மற்றொரு மாவட்டத்துச் சார்பதிவாளரும் தடையின்றிப் படித்துவிடுகிறார். ஏனெனில் மொழியும் படிவமும் ஒன்றே. அதுபோல மனிதனின் மரபணு ஒன்றைப் பாக்டீரியாவின் உள்ளே வைத்தால், பாக்டீரியா அதனைப் படித்து மனிதப் புரதத்தை ஆக்கித் தருகிறது. யாருடைய பத்திரம் என்று அது கேட்பதில்லை.

வைப்பது எவ்வாறு? இழையைக் குறித்த இடத்தில் வெட்டும் நொதிகள் பாக்டீரியாக்களிடமே உள்ளன. தம்மைத் தாக்கும் வைரசுகளின் இழையைத் துண்டிக்க அவை அவற்றைப் பயன்படுத்துகின்றன. வெட்டிய முனைகளை ஒட்டும் நொதிகளும் உண்டு. பாக்டீரியாவினுள் பிளாஸ்மிட் எனப்படும் சிறிய வளைய இழைகள் தனியே மிதந்துகொண்டிருக்கும். வளையத்தை வெட்டி, வேண்டிய மரபணுவை இடையில் பொருத்தி, மீண்டும் ஒட்டிப் பாக்டீரியாவினுள் செலுத்தினால், அது பெருகும்போதெல்லாம் புதிய மரபணுவும் பெருகும். 1973-ஆம் ஆண்டில் கோஹன், போயர் என்னும் அமெரிக்க அறிவியலார் இம்முறையைச் செய்து காட்டினர். இரண்டே ஆண்டுகளில், 1975 பிப்ரவரியில், கலிபோர்னியாவின் அசிலோமரில் அறிவியலார் கூடி, இவ்வாய்வுகளுக்குத் தாமே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். ஒரு துறையைச் சேர்ந்தோர் கேடு ஏதும் நேருமுன்பே தமக்குத் தாமே விதி எழுதிக்கொள்வது நிர்வாக வரலாற்றில் அடிக்கடி காணக்கூடியதன்று.

மருந்துப் புட்டியில் வந்தபோது

முதற்பயன் இன்சுலின். அதற்கு முன் நீரிழிவு நோயாளிகளுக்கான இன்சுலின், இறைச்சிக் கூடங்களில் கிடைக்கும் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையங்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. மனித இன்சுலினின் மரபணுவைப் பாக்டீரியாவில் வைத்து அதனை ஆக்கச் செய்யும் முயற்சி 1978-இல் வெற்றி பெற்றது. 1982-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. இந்தியாவில், ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் ஈஸ்டினைக் கொண்டு மஞ்சள் காமாலை பி வகைக்கான தடுப்பூசியை ஆக்கி 1997-இல் வெளியிட்டது. நாட்டில் இம்முறையால் ஆன முதல் மருந்துப்பொருள் அதுவே. இறக்குமதித் தடுப்பூசி நடுத்தரக் குடும்பத்திற்கே எட்டாத விலையில் இருந்த காலம் அது. உள்நாட்டு உற்பத்தி வந்த பின் விலை பன்மடங்கு குறைந்தது.

இம்மருந்துகளை எதிர்த்து ஊர்வலம் எதுவும் நடைபெறவில்லை. பாக்டீரியாவும் ஈஸ்டும் மூடிய கலன்களுக்குள் இருந்தன. வெளியே வந்தது தூய்மைப்படுத்தப்பட்ட புரதம் மட்டுமே. நோயாளிக்குத் தன் தேவை தெளிவாகத் தெரியும்; இடையே மருத்துவர் ஒருவரும் இருக்கிறார். நன்மை பெறுபவரும் இடரை ஏற்பவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில் முடிவெடுப்பது எளிது என்பதைப் பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் இவ்விடத்தில் குறித்துக்கொள்ளலாம்.

உயிருக்குப் பட்டயம்

இவ்வரலாற்றில் கொல்கத்தாவுக்குத் தனி இடம் ஒன்று உண்டு. மேற்கு வங்கத்தின் சாந்தியாவில் 1938-இல் பிறந்து, இந்நகரின் புனித சேவியர் கல்லூரியிலும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் பயின்ற ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது, கச்சா எண்ணெயின் பல கூறுகளைச் சிதைக்கவல்ல பாக்டீரியா ஒன்றை உருவாக்கினார். வெவ்வேறு பாக்டீரியாக்களில் இருந்த நான்கு வகைப் பிளாஸ்மிட்டுகளை ஒன்றினுள் சேர்த்ததே அவர் செய்தது. நுணுக்கமாகப் பார்த்தால் இது வெட்டி ஒட்டும் முறையன்று; இயற்கையில் நிகழும் பரிமாற்றத்தைத் திட்டமிட்டு நிகழ்த்தியதாகும். அவர் பெயரைக் கூறும் பல நூல்கள் இவ்வேறுபாட்டைக் கூறாமல் விட்டுவிடுகின்றன.

உயிருள்ள பொருளுக்குப் பட்டயம் இல்லை என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1980 ஜூன் 16 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், மனிதன் ஆக்கிய உயிருக்குப் பட்டயம் உண்டு எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அந்தப் பாக்டீரியா கடலில் எண்ணெய் தின்னப் பயன்பட்டதாகச் சொல்வதற்கில்லை. ஆனால் அத்தீர்ப்பு உலகெங்கும் மூலதனத்தை இத்துறைக்குள் இழுத்து வந்தது. சக்கரவர்த்தி 2020 ஜூலையில் காலமானார்.

இந்தியச் சட்டம் வேறு வழியில் சென்றது. நம் காப்புரிமைச் சட்டத்தில் தாவரத்திற்கும் விதைக்கும் பட்டயம் இல்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், உழவன் தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும் மீண்டும் விதைக்கவும் பரிமாறவும், வணிகப் பெயரிட்ட பொட்டலமாக அல்லாமல் விற்கவும் உரிமை அளிக்கிறது. இவ்வுரிமை காகிதத்தில் உள்ள அளவிற்கு வயலில் உள்ளதா என்பது விதையின் வகையைப் பொறுத்தது. வீரிய ஒட்டு விதை எனில், அடுத்த பருவத்தில் அதன் குணங்கள் சிதறிவிடும். ஆண்டுதோறும் புதிய விதையை வாங்கியே தீரவேண்டும். வழிவழியாக விதை எடுக்கக்கூடிய சாதாரண ரகம் எனில், ஒருமுறை வாங்கினால் போதும். புதிய மரபணு எந்த வகை விதையில் ஏற்றப்படுகிறது என்பது, அந்த மரபணு எது என்பதற்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது.

கத்திரியும் துளைப்பானும்

கத்திரியின் பெரும்பகை, தண்டையும் காயையும் துளைக்கும் புழுவாகும். அந்துப்பூச்சி இலையின் மீது முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு சில மணி நேரத்திற்குள் குருத்தையோ காயையோ குடைந்து உள்ளே புகுந்துவிடுகிறது. உள்ளே புகுந்த பின் எந்த மருந்தும் அதனைத் தொடாது. எனவே முட்டை பொரிப்பதற்கும் துளை விழுவதற்கும் இடைப்பட்ட அந்தச் சில மணி நேரத்தில் மருந்து செடியின் மேல் இருக்கவேண்டும். எப்போது பொரிக்கும் என்று உழவனுக்குத் தெரியாது. ஆகவே வாரம் இருமுறை, பூச்சி மிகுந்தால் அதற்கு மேலும் தெளிக்கிறான். காலையில் தெளித்து மாலையில் பறித்துச் சந்தைக்கு அனுப்புவதும் உண்டு. துளை விழுந்த காயை வாங்க மறுக்கும் நகரத்துக் குடும்பத்தலைவி, துளையில்லாத காயோடு வருவது என்ன என்று கேட்பதில்லை. தெளிப்பவன் முகமூடியின்றி நிற்கிறான். வரப்பருகே அவன் குழந்தைகள் நிற்கின்றன. நாட்டின் கத்திரி விளைச்சலில் ஏறத்தாழக் கால் பங்கு மேற்கு வங்கத்தினுடையது என்பதால், இந்தச் செலவிலும் இந்த நஞ்சிலும் பெரும்பங்கு இம்மாநிலத்தினுடையதே.

மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியா ஒரு வகைப் புரதத்தை ஆக்குகிறது. சுருக்கமாக பி.டி. என்பர். புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அங்கு இப்புரதம் கரைந்து, குடற்சுவரில் தனக்குரிய பற்றிடத்தில் ஒட்டி, துளையிட்டுப் புழுவைக் கொல்கிறது. மனித இரைப்பை அமிலத்தன்மை உடையது; அந்தப் பற்றிடங்களும் மனிதக் குடலில் இல்லை. இந்தப் பாக்டீரியாவைத் தூளாக்கித் தெளிப்பது நெடுநாள் வழக்கம். இயற்கை வேளாண்மை செய்வோரும் அதனை ஏற்கின்றனர்.

அந்தப் புரதத்திற்கான மரபணுவைக் கத்திரிக்குள்ளேயே வைத்துவிட்டால், புழு எங்கு கடித்தாலும் இறந்துபடும். இதற்கு வாகனமாகப் பயன்படுவது அக்ரோபாக்டீரியம் எனும் மண் பாக்டீரியா. செடிகளின் அடித்தண்டில் கழலையை உண்டாக்கும் நோய்க்கிருமி இது. தன் மரபணுவில் ஒரு பகுதியைச் செடியின் உயிரணுவிற்குள் செலுத்தும் வித்தையை மனிதன் கற்பதற்கு முன்பே கற்றிருந்தது. கழலைக்குரிய மரபணுக்களை நீக்கி, அவ்விடத்தில் பி.டி. மரபணுவை வைத்து, கத்திரியின் இளந்திசுத் துண்டுகளோடு இதனைச் சேர்த்து வளர்க்கின்றனர். மரபணு ஏறிய உயிரணுக்களைப் பிரித்தறிய, அதனுடன் ஓர் அடையாள மரபணுவும் சேர்க்கப்படும். பிழைத்த உயிரணுக்கள் ஒவ்வொன்றிலும் மரபணு வெவ்வேறு இடத்தில் அமர்ந்திருக்கும். அவற்றை முழுச் செடிகளாக வளர்த்து, நெடிது சோதித்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். மகைகோ நிறுவனம் இவ்வாறு தேர்ந்த ஒன்று 'ஈஈ-1' எனப் பெயர் பெற்றது. பின்னர் அதனை நாட்டு ரகங்களோடு மீண்டும் மீண்டும் கலப்பினம் செய்து, புதிய மரபணு மட்டும் தங்க, மற்ற குணங்களெல்லாம் பழைய ரகத்தினுடையவையாகவே அமையுமாறு செய்யப்படுகிறது.

அந்த நிறுவனம் தன் வீரிய ஒட்டு ரகங்களில் இம்மரபணுவை ஏற்றியதோடு, கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்கும் அதனை வழங்கியது. கோயம்புத்தூரில் கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 ஆகிய தமிழ்நாட்டு ரகங்களில் அது ஏற்றப்பட்டது. இவை உழவன் விதை எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய ரகங்கள். பொதுவாதத்தில் இச்செய்தி போதிய கவனம் பெறவில்லை. ஆதரித்தவர்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி ஆதரித்தனர். எதிர்த்தவர்களும் அந்தப் பெயரைச் சொல்லியே எதிர்த்தனர்.

கொல்கத்தாவில் தொடங்கிய விசாரணை

2009 அக்டோபர் 14 அன்று, மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பி.டி. கத்திரியை வணிகமுறையில் பயிரிடலாம் எனப் பரிந்துரைத்தது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயராம் ரமேஷ் உடனே இசைவு தரவில்லை. மக்கள் கருத்தைக் கேட்க முற்பட்டார். ஏழு நகரங்களில் நடந்த அக்கூட்டங்களுள் முதலாவது, 2010 ஜனவரி 13 அன்று, ஜகதீச சந்திர போஸ் 1917-இல் நிறுவிய கொல்கத்தாவின் போஸ் ஆய்வு நிலையத்தில் நடைபெற்றது. தொட்டால் சுருங்கியின் உணர்ச்சியை ஆராய்ந்தவர் நிறுவிய இடத்தில் கத்திரியின் வழக்கு முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது பொருத்தமே. புவனேஸ்வரம், அகமதாபாத், நாகபுரி, சண்டிகர், ஹைதராபாத், பெங்களூர் எனத் தொடர்ந்த கூட்டங்களில் ஏறத்தாழ 8,000 பேர் பங்கு கொண்டனர்.

எழுந்த ஐயங்களை ஒரே தட்டில் வைப்பது முறையாகாது. நஞ்சு உடலில் சேரும் என்ற அச்சம் சிலரிடம் இருந்தது. மேலே கூறிய காரணங்களால் அது வலுவற்றது. ஆனால், பாதுகாப்புச் சோதனைகளின் தரவுகள் பெரும்பாலும் அனுமதி கேட்கும் நிறுவனத்தாலேயே திரட்டப்பட்டவை என்ற குறை உண்மையானது. கத்திரியின் பல்வகைமை செறிந்த நாடு இந்தியா. நாட்டு ரகங்களைத் திரட்டிக் காப்பதற்கு முன் ஒரே மரபணு எங்கும் பரவலாமா என்ற வினாவும் பொருளுடையது. எம்.எஸ். சுவாமிநாதன் இத்தொழில்நுட்பத்தின் எதிரி அல்லர். அவரே நீண்ட கால நச்சுச் சோதனையும் நாட்டு ரகங்களின் சேகரிப்பும் முதலில் வேண்டும் என்றார். பல மாநில அரசுகள் எதிர்ப்போ தயக்கமோ தெரிவித்தன. 2010 பிப்ரவரி 9 அன்று, மக்களும் அறிவியலாரும் நிறைவுறும் வகையில் சார்பற்ற ஆய்வுகள் பாதுகாப்பை நிறுவும் வரை, அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது.

நிறுத்தியது தவறென்று கூறுவதற்கில்லை. நிறுத்திய பின் செய்யவேண்டிய ஆய்வுகளை யார், எந்தப் பொருட்செலவில், எத்தனை ஆண்டுகளுக்குள் செய்து முடிப்பது என்று எங்கும் வரையறுக்கப்படாமல் போனதுதான் குறை. கால வரம்பில்லாத ஒத்திவைப்பு ஒரு முடிவாகவே மாறிவிடுகிறது. அதன் செலவு எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. தெளிப்பான் தோளில் இருப்பவன் அதனைச் செலுத்திக்கொண்டிருக்கிறான்.

பருத்தி கற்பித்தது

எதிர்த்தோரின் அச்சத்திற்குப் பின்னணியில் பருத்தி இருந்தது. 2002 மார்ச்சில் மூன்று பி.டி. பருத்தி வீரிய ஒட்டு ரகங்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே குஜராத்தில் அனுமதி பெறாத பி.டி. பருத்தி வயல்களில் நின்றது கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. சட்டம் வருமுன் விதை வந்துவிட்டது. சில ஆண்டுகளில் நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இவ்விதையே பரவியது. எக்டேருக்குச் சுமார் 300 கிலோவாக இருந்த பஞ்சு விளைச்சல் 2007-08-இல் 550 கிலோவைக் கடந்தது. பாசனம், உரம், நல்ல பருவமழை ஆகியவையும் அதற்குத் துணை நின்றன. எனினும் அமெரிக்கன் காய்ப்புழுவுக்குத் தெளிக்கும் மருந்து குறைந்ததை மறுப்பார் இல்லை.

விலையில் வந்தது முதல் சிக்கல். 450 கிராம் விதைப் பொட்டலம் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. அதில் பெரும்பகுதி மரபணுவுக்கான கட்டணம். ஆந்திர அரசு ஏகபோகத் தடுப்பு ஆணையத்தை நாடி, 2006-இல் விலையை 750 ரூபாய்க்கு இறக்கியது. அடுத்த சிக்கல் புழுவிடமிருந்து வந்தது. எதிர்ப்புத் திறன் பெற்ற புழுக்கள் பெருகாதிருக்க, வயலின் ஓரத்தில் பி.டி. அல்லாத பருத்தியைச் சில வரிசைகள் நடவேண்டும். அதில் பிழைக்கும் சாதாரணப் புழுக்கள் எதிர்ப்புத் திறன் உள்ளவற்றோடு கலந்து அத்திறனை நீர்த்துப்போகச் செய்யும். பொட்டலத்துடன் இதற்கென 120 கிராம் விதையும் தரப்பட்டது. பெரும்பாலோர் அதனை விதைக்கவில்லை. தன் நிலத்தில் ஒரு பகுதியைப் புழுவுக்கு விட்டுக்கொடுப்பதன் செலவு தனக்கு. பயன் ஊர் முழுமைக்கும். இந்நிலையில் ஓர் உழவன் எப்படி நடந்துகொள்வான் என்பதைப் பொருளாதார மாணவர் எவரும் வகுப்பறையிலிருந்தே கூறியிருக்கமுடியும். சுற்றறிக்கை எழுதியவர்கள் அதனை எதிர்பார்க்கவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதலில் ஒரு மரபணுவையும், பின்னர் இரு மரபணுக்கள் கொண்ட இரண்டாம் தலைமுறை விதையையும் வென்றுவிட்டது. அண்மை ஆண்டுகளில் விளைச்சல் எக்டேருக்கு 450 கிலோவுக்கும் கீழே இறங்கியுள்ளது.

இடையே ஒன்றைக் குறிப்பிடலாம். அந்தப் பருத்தியின் விதையைப் பிழிந்த எண்ணெயும் பிண்ணாக்கும் இந்நாட்டின் சமையலிலும் மாட்டுத் தீவனத்திலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கலந்து வருகின்றன. சமையலறைக்குள் அனுமதியில்லை என்று நிறுத்திய பொருளின் உறவினர் பின்வாசல் வழியே வந்து அமர்ந்திருக்கிறார்.

எல்லைக்கு அப்பால்

இந்த மண்டபத்திலிருந்து வங்கதேச எல்லை நூறு கிலோமீட்டருக்குக் குறைந்த தொலைவில் உள்ளது. அங்கும் அதே மண், அதே மொழி, அதே கத்திரி, அதே புழு. இந்தியாவில் நிறுத்தப்பட்ட அதே ஈஈ-1 மரபணுவை, அந்நாட்டு வேளாண் ஆய்வு நிறுவனம் தன் நான்கு ரகங்களில் ஏற்றியது. 2013 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2014 ஜனவரியில் இருபது உழவர்களுக்கு நாற்று வழங்கப்பட்டது. முதற் பருவம் சிறப்பாக அமையவில்லை. வாடல் நோயாலும் தவறான பருவ நடவாலும் சில தோட்டங்கள் வீழ்ந்தன. பி.டி. மரபணு துளைப்பானைத் தடுக்குமேயன்றி வாடலைத் தடுக்காது என்பதை உழவருக்குச் சொல்லவேண்டியவர்கள் சரிவரச் சொல்லவில்லை. பின்னர் பயிற்சி சீரடைந்து, பயிரிடுவோர் பல்லாயிரமாயினர். பூச்சிமருந்துச் செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைச் சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம் நடத்திய ஆய்வு காட்டியது. அங்கு விதையை ஆக்கியது அரசு நிறுவனம்; ரகங்கள் விதை எடுக்கக்கூடியவை. கோயம்புத்தூரில் முடங்கிய வழியும் இதுவே.

வெட்டும் முறை மாறுகிறது

2012-இல் வெளிவந்த கிரிஸ்பர் எனும் முறை இத்துறையை மேலும் மாற்றிவிட்டது. வேற்றுயிரின் மரபணுவைக் கொண்டுவந்து வைக்காமல், உள்ள மரபணுவிலேயே குறித்த இடத்தில் ஓரெழுத்தையோ சில எழுத்துகளையோ திருத்த இது வழிசெய்கிறது. இதனை வகுத்த சார்பெந்தியே, டவுட்னா ஆகிய இரு பெண்மணிகள் 2020-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றனர். அதே ஆண்டு, டில்லியின் மரபணுவியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தில் இம்முறையால் ஆக்கப்பட்ட கொரோனாச் சோதனைக்குச் சத்யஜித் ராயின் துப்பறிவாளர் 'ஃபெலுதா'வின் பெயர் வைக்கப்பட்டது. கொல்கத்தாவினர் இதைச் சொல்லி மகிழ்வது இயல்பே. 2022 மார்ச்சில் மைய அரசு, வேற்று மரபணு எஞ்சாத திருத்தப் பயிர்களுக்குச் சில கடும் விதிகளிலிருந்து விலக்களித்தது. 2025 மே மாதத்தில் இவ்வாறு திருத்தப்பட்ட இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான 'கமலா', ஹைதராபாத் நெல் ஆய்வு நிறுவனத்தில் சம்பா மசூரியிலிருந்து வந்தது.

மருத்துவத்தில், நோயாளியின் வெள்ளணுக்களை எடுத்து, புற்றணுவை அடையாளம் காணும் மரபணுவை ஏற்றி மீண்டும் உடலில் செலுத்தும் சிகிச்சையை மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கின. 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஹீமோபிலியா நோயுற்ற ஐவருக்கு இரத்தம் உறையவைக்கும் புரதத்தின் மரபணு ஏற்றப்பட்டு, இரத்தக்கசிவு நின்றதாக 2024-இல் முடிவுகள் வெளிவந்தன. வங்காளத்தில் மிகுந்து காணப்படும் தலசீமியாவிற்கும் கிரிஸ்பர் சிகிச்சை வெளிநாடுகளில் அனுமதி பெற்றுள்ளது. அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு 22 இலட்சம் டாலர். மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ள நதியா மாவட்டத்திலிருந்து ரயிலேறி வரும் குழந்தையின் தந்தைக்கு இந்த எண்ணில் பொருள் ஏதுமில்லை. மும்பைச் சிகிச்சை வெளிநாட்டு விலையில் சிறு பங்கிற்குக் கிடைக்கிறது எனினும், அதுவும் பல இலட்சம் ரூபாய்.

அனுமதியின் பாதை

1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989 டிசம்பரில் வகுக்கப்பட்ட விதிகளே இன்றும் இத்துறையை ஆள்கின்றன. ஆய்வு நிறுவனத்தின் உள்குழு, உயிரித் தொழில்நுட்பத் துறையின் குழு, சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் குழு என்று மூன்று படிகள். பி.டி. கத்திரி நிறுத்தப்பட்ட 2010-இலேயே மூன்றாவது குழுவின் பெயரில் இருந்த 'ஒப்புதல்' என்ற சொல் 'மதிப்பீடு' என மாற்றப்பட்டது. வயல் சோதனைக்கு மாநில அரசின் தடையின்மைச் சான்றும் வேண்டும். டில்லிப் பல்கலைக்கழகத்தில் உருவான மரபணு மாற்றுக் கடுகுக்கு 2022 அக்டோபரில் அளிக்கப்பட்ட இசைவு குறித்து, உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2024 ஜூலையில் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். மரபணு மாற்றுப் பயிர்கள் பற்றித் தேசியக் கொள்கை ஒன்று வகுக்கப்படவேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

கத்திரிக்கும் மற்றொரு வாய்ப்பு வந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த அறிவியலாரே உருவாக்கிய வேறொரு பி.டி. மரபணுவைக் கொண்ட இரு ரகங்களை, 2020 முதல் 2023 வரை எட்டு மாநிலங்களில் சோதிக்க மைய மதிப்பீட்டுக் குழு இசைந்தது. மேற்கு வங்கமும் தமிழ்நாடும் அந்த எட்டில் அடங்கும். மாநிலத்தின் தடையின்மைச் சான்றும், பிற கத்திரியிலிருந்து விலகிய தனி நிலமும் அதற்கு நிபந்தனைகள். இத்தகைய கோப்பு ஒரு மாநிலச் செயலகத்தை வந்தடையும்போது, அதில் குறிப்பெழுதும் அலுவலர் மூன்று செய்திகளையேனும் தாளில் பதியவேண்டும்: சோதிக்கப்படும் விதை வழிவழியாக எடுக்கக்கூடியதா, ஒட்டு விதையா, சோதனைத் தரவை யார் திரட்டுகிறார், யார் சரிபார்க்கிறார், மறுத்தால், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல், துளைபட்ட குருத்துகளைக் கிள்ளி அழித்தல் போன்ற மாற்று முறைகளுக்கு அந்த ஆண்டின் விரிவாக்கத் திட்டத்தில் எவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டுள்ளது. மூன்றாவது பத்தியை வெறுமையாக விட்டு அனுப்பப்படும் கோப்பு, இசைவாயினும் மறுப்பாயினும், பாங்கர் உழவனின் தெளிப்பைக் குறைக்காது.